தைரியம் சொல்லும் முன் கேட்க வேண்டியவை

நோயுற்றவரைக் காண வருபவர்கள் பழங்களுடன் சில சொற்களையும் கொண்டு வருகின்றனர். "ஒன்றும் ஆகாது", "மனத்தைத் தளர விடாதீர்கள்", "நல்லதையே நினையுங்கள், நல்லதே நடக்கும்" என்பன அவை. இச்சொற்கள் அன்பிலிருந்து பிறப்பவை. சொல்பவரைக் குறைகூற இடமில்லை. ஆயினும் கட்டிலில் இருப்பவர் இவற்றை நாள்தோறும் பலர் வாயிலாகக் கேட்கும்போது, அவருக்குள் ஒரு கட்டளை உருவாகிறது: நான் அஞ்சக்கூடாது, அழக்கூடாது, வலிக்கிறது என்று சொல்லக்கூடாது. அக்கட்டளைக்கு அவர் கீழ்ப்படியத் தொடங்கும்போது, வீட்டாருக்கும் மருத்துவருக்கும் தெரிய வேண்டிய பல செய்திகள் தெரியாமற்போகின்றன.

நம்பிக்கை வேறு, கட்டாய மகிழ்ச்சி வேறு. முன்னது நோயாளியைத் தாங்குகிறது. பின்னது அவரைத் தனிமைப்படுத்துகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவதும், அவ்வறிவை வீட்டிலும் வார்டிலும் எவ்வாறு பயன்படுத்துவது என்பதும் இந்தப் பாடத்தின் பொருளாகும்.

அழுகை குற்றமன்று

நம் மொழியின் பழைய இலக்கண நூலான தொல்காப்பியம், பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில் மனித உணர்வுகளை எட்டாக வகுக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. நகைக்கு அடுத்தபடியாகவே அழுகை வைக்கப்பட்டுள்ளது. அச்சமும் வெகுளியும் அதே வரிசையில் இடம் பெறுகின்றன. இவற்றில் எதுவும் நீக்கப்பட வேண்டிய குறையாகக் கூறப்படவில்லை.

அழுகை நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் அந்நூல் வகுக்கிறது. பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்தல், வறுமை ஆகியவை அந்நான்கு. நீண்ட நோய் ஒருவருக்கு இந்நான்கையும் ஒருசேரக் கொண்டு வருவதை நாம் காண்கிறோம். குளிக்கவும் கழிப்பறைக்குச் செல்லவும் பிறர் கையை எதிர்நோக்குபவர் தாம் இகழப்படுவதாக உணர்கிறார். சர்க்கரை நோயால் காலை இழந்தவரும், கருவிலேயே குழந்தையை இழந்த தாயும் இழப்பை அறிவர். இருபது ஆண்டுகள் லாரி ஓட்டிக் குடும்பத்தை நடத்தியவர், பக்கவாதத்திற்குப் பின் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது நிலை தாழ்ந்ததை எண்ணி வருந்துகிறார். சிகிச்சைக்காக நகையை அடகு வைத்த வீட்டில் வறுமை எட்டிப் பார்க்கிறது. இத்தனை காரணங்கள் இருக்கையில் ஒருவர் அழுவது மனத்தின் பலவீனமன்று. நிகழ்ந்ததை மனம் உள்ளவாறு அறிந்துகொண்டதன் அடையாளம் அது.

துன்பம் வரும்போது நகைக்க வேண்டும் என்று திருக்குறள் கூறுகிறதே என்று சிலர் கேட்கக்கூடும். அக்கருத்து ‘இடுக்கண் அழியாமை’ என்னும் 63ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முந்தைய அதிகாரம் ‘ஆள்வினையுடைமை’. அரசியல் என்னும் இயலில், முயற்சியைப் பற்றிப் பேசியபின், அம்முயற்சிக்கு இடையூறு நேரும்போது கலங்காமல் இருக்க வேண்டியதை அது கூறுகிறது. ஒருவர் தம் மனத்திற்குத் தாமே சொல்லிக்கொள்ளும் உறுதி அது. அருகில் இருப்பவர் வலியில் துடிப்பவரை நோக்கி விதிக்கும் கட்டளையாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது. நோயைப் பற்றி வள்ளுவர் தனியே பேசும் இடம் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரம். அங்கு நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாக அவர் எண்ணுகிறார். உடனிருப்பவரின் பேச்சும் மௌனமும் சிகிச்சையில் சேர்ந்தவை என்பதே அதன் பொருள்.

அடக்கிய உணர்வு எங்கே செல்கிறது?

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதையை நாம் அனைவரும் அறிவோம். கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் குரங்கே நினைவுக்கு வந்ததாம். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ இதே கதைதான். ஒரு வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்காமல் இருக்கும்படி அவர் சிலரிடம் கூறினார். அவர்களால் முழுமையாக அதை விலக்க இயலவில்லை. பின்னர் நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைக் காட்டிலும் அவர்களுக்கு அந்நினைவு அதிகமாக வந்தது. ‘புற்றுநோயைப் பற்றி நினைக்கவே கூடாது’ என்று நாம் ஒருவரிடம் கூறும்போது நிகழ்வதும் இதுவே.

முகத்தில் காட்டாமல் அடக்குவதற்கும் ஒரு விலை உண்டு. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், துயரமான திரைக்காட்சியைப் பார்க்கும்போது உணர்வை வெளிக்காட்ட வேண்டாம் என்று சிலரிடம் கூறப்பட்டது. அவர்களது முகம் அமைதியாக இருந்தது, துயரமோ குறையவில்லை. இதயமும் இரத்தக்குழாய்களும் கூடுதல் உழைப்பைக் காட்டின. 2003இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், உரையாடும் இருவரில் ஒருவர் உணர்வை மறைத்துக்கொண்டபோது, எதிரில் அமர்ந்து பேசியவரின் இரத்த அழுத்தமும் உயர்ந்தது. ஒருவர் நடிக்கும்போது இருவர் களைப்படைகின்றனர் என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

தமக்குத் தாமே நல்ல வாக்கியங்களைச் சொல்லிக்கொள்வதும் எல்லோருக்கும் பயன் தருவதில்லை. கனடாவில் ஜோன் வுட் என்னும் உளவியலாளர் குழுவினருடன் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் அன்பிற்குரியவன்’ என்ற பொருள்படும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களில், தம்மைப் பற்றி உயர்வான எண்ணம் உடையவர்கள் சிறிதளவு நலம் உணர்ந்தனர். தம்மைத் தாழ்வாக எண்ணியவர்களோ முன்னிலும் மோசமாக உணர்ந்தனர். சொல்லுக்கும் உள்ளத்திற்கும் இடையே உள்ள தொலைவை அவ்வாக்கியமே அவர்களுக்குச் சுட்டிக்காட்டியிருக்க வேண்டும்.

மனஉறுதி இருந்தால் நோய் தீருமா?

‘மனத்தில் தைரியம் இருந்தால் புற்றுநோயையும் வென்றுவிடலாம்’ என்னும் கருத்து பரவலாக உள்ளது. இதனை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளுள் ஒன்று 2007இல் வெளியானது. ஜேம்ஸ் காய்ன் தலைமையிலான குழுவினர், தலை மற்றும் கழுத்துப் பகுதிப் புற்றுநோய் கொண்ட 1,093 நோயாளிகளின் மனநலத்தையும் வாழ்நாளையும் ஒப்பிட்டனர். மனநலம் சிறப்பாக இருந்தவர்கள் அதனால் நீண்டகாலம் வாழ்ந்தனர் என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. நுரையீரல் புற்றுநோய் கொண்டவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வும் இதே முடிவை எட்டியது.

இம்முடிவைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. இதில் பெரிய ஆறுதல் ஒன்று உள்ளது. நீங்கள் ஓர் இரவு அழுததால் உங்கள் கட்டி வளரவில்லை. நீங்கள் அஞ்சியதால் மருந்து பலனளிக்காமற்போகவில்லை. நோய் திரும்பி வந்தால் அது உங்கள் எண்ணத்தின் குற்றமன்று. நியூயார்க்கில் புற்றுநோயாளிகளின் மனநல மருத்துவத்தை வளர்த்தெடுத்த டாக்டர் ஜிம்மி ஹாலண்ட், 2000இல் வெளியான தம் நூலில் இதனை ‘நேர்மறைச் சிந்தனையின் கொடுங்கோன்மை’ என்றே குறிப்பிட்டார். எந்நேரமும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு, நோயின் சுமையோடு குற்றவுணர்வின் சுமையையும் நோயாளியின் தலைமேல் ஏற்றுகிறது என்பது அவர் கண்டது.

அவ்வாறாயின் மனநலத்தைப் பேணுவது வீணா? இல்லை. மனம் அமைதியுற்றவர் நன்கு உறங்குகிறார். மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார். வலியை எளிதாகத் தாங்குகிறார். உறவினரோடு கழிக்கும் நாள்கள் நிறைவு பெறுகின்றன. இவையே போதுமான காரணங்கள். அந்த அமைதி நடிப்பால் வருவதில்லை என்பதையே நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

மறைக்கப்படும் அறிகுறிகள்

கட்டாய மகிழ்ச்சியின் மிகப் பெரிய தீங்கு உடலுக்கே நேரக்கூடும். ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். சேந்தமங்கலத்திலிருந்து சேலத்திற்குச் சென்று கீமோதெரபி பெற்றுத் திரும்பிய ஒரு தாய்க்கு நான்காம் நாள் இரவில் காய்ச்சல் காண்கிறது. ‘அம்மா தைரியசாலி’ என்று பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லி மகிழ்கின்றனர். அவர்களைக் கலங்கச் செய்ய வேண்டாம் என்று அவர் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுப் போர்த்திப் படுத்துவிடுகிறார். கீமோதெரபிக்குப் பின் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் 100.4 டிகிரி பாரன்ஹீட் (38 டிகிரி செல்சியஸ்) அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல் ஓர் அவசரநிலை. விடியும்வரை காத்திருத்தல் உயிருக்கே கேடாகலாம்.

இதுபோன்றே நெஞ்சில் இறுக்கத்தை வாயுத் தொல்லை என்று சிரித்துக் கடப்பவரும், காலில் ஏற்பட்ட புண்ணை வேட்டியால் மறைப்பவரும், டயாலிசிஸின்போது தலைசுற்றுவதைச் சொல்லாதவரும் இருக்கின்றனர். செவிலியர் ‘வலி 0 முதல் 10 வரை எவ்வளவு?’ என்று வினவும்போது, உண்மையில் 8 இருந்தும் 3 என்று கூறுபவர்களும் உண்டு. 3 என்று கூறியவருக்கு 3க்கு உரிய மருந்தே கிடைக்கும். ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்னும் விடை மரியாதையானதுதான். மருத்துவருக்கு அது உதவாது.

ஆகவே நோயாளிகளுக்கு எமது வேண்டுகோள்: மருத்துவமனையில் தைரியசாலி என்று பெயர் வாங்க வேண்டியதில்லை. வலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், உறக்கமின்மை, அச்சம் ஆகிய ஐந்தையும் உள்ளது உள்ளவாறு கூறுங்கள். வீட்டாருக்கு எமது வேண்டுகோள்: ‘அவர் எதையும் தாங்குவார்’ என்று நோயாளியின் முன்னிலையில் பெருமை பேசாதீர்கள். அப்பெருமையைக் காப்பாற்றுவதற்காகவே அவர் மௌனமாகிவிடுவார்.

ஒருவரிடம் ஒருவர் மறைக்கும் வீடு

தந்தைக்கு வந்திருக்கும் நோயின் பெயரைப் பிள்ளைகள் அவரிடம் சொல்வதில்லை. ‘சாதாரணக் கட்டிதான்’ என்று கூறிவிடுகின்றனர். தந்தையோ சிகிச்சை நடைபெறும் கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் படித்திருப்பார். உடன் காத்திருந்தவர்களிடம் பேசியிருப்பார். அவர் அறிந்ததைப் பிள்ளைகளிடம் காட்டிக்கொள்வதில்லை. ஒரே கூரையின்கீழ் அனைவரும் அறிந்த செய்தியை அனைவரும் மறைக்கின்றனர். எல்லோரும் சிரிக்கின்றனர், ஒவ்வொருவரும் தனித்தனியே அழுகின்றனர்.

இதனால் இழக்கப்படுவது ஆறுதல் மட்டுமன்று. காட்டை யார் பெயருக்கு எழுதுவது, கொடுத்த கடனையும் வாங்கிய கடனையும் எவ்வாறு தீர்ப்பது, பேத்தியின் திருமணத்தை முன்னதாக வைப்பதா, அடுத்த சிகிச்சைக்கு உடன்படுவதா என்பன போன்ற முடிவுகளைத் தாமே எடுக்கும் உரிமையை அவர் இழக்கிறார். சிலர் தாமாகவே ‘எனக்கு விவரம் வேண்டாம், பிள்ளைகளிடம் சொல்லுங்கள்’ என்பர். அவர்களது விருப்பத்தையும் மதிக்க வேண்டும். எனவே முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்றே: "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறீங்க, அப்பா?" விடை கிடைத்தபின், மருத்துவரின் உதவியுடன் அந்த அளவிற்கு உண்மையைக் கூறலாம்.

துயரத்தை ஒப்புக்கொள்வது செயலைத் தடுக்கும் என்று அஞ்ச வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவ்விழப்பை அவர் மறக்கவில்லை. பல ஆண்டுகள் கடந்தும் அதை நினைவில் கொண்டு உழைத்ததன் பயனாக 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. நினைக்கவும் பேசவும் இடம் பெற்ற துயரம் ஒரு வேலையாக மாறவும் கூடும். எல்லோரும் அவ்வாறு மாற்றியாக வேண்டும் என்பதில்லை.

எவ்வாறு பேசலாம்?

புரட்டாசிச் சனிக்கிழமையில் நைனாமலைப் படிகளில் ஏறுபவர்கள் அறிவர். பாதி வழியில் மூச்சு வாங்க அமர்ந்தவரிடம், ‘இதோ வந்துவிட்டது, எழுந்திருங்கள்’ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கூறுபவர் ஒருவர். அருகில் அமர்ந்து, தண்ணீர் கொடுத்து, ‘இளைப்பாறிய பிறகு போகலாம்’ என்பவர் மற்றொருவர். இரண்டாமவருடன்தான் மலையேற முடியும். நோயாளியிடம் பேசுவதும் அவ்வாறே. கீழ்வரும் சூழல்களை எண்ணிப் பாருங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் ஒருவர் அஞ்சுகிறார். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்பதற்குப் பதிலாக, "பயமா இருக்குதுங்களா? எதை நினைச்சா அதிகமாப் பயமா இருக்குது?" என்று வினவலாம். மயக்க மருந்தைப் பற்றிய அச்சமாயின் மயக்கவியல் மருத்துவரிடம் கேட்கலாம். செலவைப் பற்றியதாயின் வேறு வழி காணலாம். அச்சத்தின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

குழந்தையை இழந்த தாயிடம் "வயசு இருக்குது, அடுத்தது பிறக்கும்" என்று கூறுகிறோம். இழந்த குழந்தைக்கு அடுத்த குழந்தை ஈடாகாது. "இந்தப் புள்ளைய எவ்வளவு ஆசையா எதிர்பார்த்தீங்கன்னு எனக்குத் தெரியும், கண்ணு" என்று கையைப் பற்றிக்கொள்வது போதும்.

மூட்டு நோயால் நடமாட முடியாத அம்மாயி, "நான் உங்களுக்குப் பாரமாயிட்டேன்" என்கிறார். "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைத்துவிடுகிறோம். "ஏனுங்க அம்மாயி, இன்னைக்கு என்ன நடந்துச்சு? எதனால அப்படித் தோணுச்சு?" என்று கேட்டால், ஒருவேளை காலையில் யாரோ முகம் சுளித்த செய்தி வெளிவரும். அதைச் சரிசெய்யலாம்.

பிறரோடு ஒப்பிடுவதையும் தவிர்க்க வேண்டும். "பக்கத்து ஊரில் ஒருவருக்கு இதைவிடப் பெரிய நோய், அவர் நடமாடுகிறார்" என்னும் பேச்சு ஆறுதல் தருவதில்லை. தம் வலியைப் பற்றிப் பேசத் தமக்குத் தகுதியில்லை என்னும் எண்ணத்தையே அது உண்டாக்குகிறது. சொல்வதற்கு ஒன்றும் தோன்றாவிடில், "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலைங்க, ஆனா நான் கூட இருக்கறேன்" என்பது உண்மையான சொல். மௌனமாக அமர்ந்திருப்பதும் பேச்சுதான்.

அதே வேளையில், எந்நேரமும் நோயைப் பற்றியே பேசவும் வேண்டாம். நோயாளி சிரிக்க விரும்பினால் உடன் சிரியுங்கள். கோயிலுக்குச் செல்ல விரும்பினால் அழைத்துச் செல்லுங்கள். பிரார்த்தனை அவருக்கு வலிமை தந்தால் அதில் பங்குகொள்ளுங்கள். தாமாக வரும் மகிழ்ச்சியைத் தடுக்கக் கூடாது; வராத மகிழ்ச்சியைக் கோரவும் கூடாது. நம்பிக்கையையும் நோயின் நிலைக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். முழுமையாகக் குணமாகும் என்று நம்ப இயலாதபோது, இன்றிரவு வலியின்றி உறங்கலாம், பேரனின் பிறந்தநாளில் உடனிருக்கலாம் என்று நம்பலாம். இவையும் நம்பிக்கைகளே.

உடனிருந்து கவனிப்பவருக்கு

இரவு முழுவதும் விழித்திருந்து, காலையில் கோழிப்பண்ணைக்கோ தறிக்கோ வேலைக்குச் சென்று, மாலையில் மீண்டும் வார்டுக்கு வருபவரிடமும் உலகம் ‘நீங்கள்தான் தைரியமாக இருக்க வேண்டும்’ என்றே கூறுகிறது. அவருக்கு வரும் சலிப்பும் கோபமும், ‘இது எப்போது முடியும்’ என்னும் எண்ணமும் அன்பின்மையைக் காட்டுவன அல்ல, களைப்பைக் காட்டுவன. நம்பிக்கையான ஒருவரிடம் அவற்றைக் கூறுங்கள். வாரத்தில் ஒரு நாளேனும் வேறொருவரை மாற்றி அமர்த்துங்கள். கூறுவதற்கு ஆள் இல்லையெனில் எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தை வருத்திய நிகழ்வுகளை நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதியவர்கள் அப்போது சிறிது கலங்கினாலும், பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாட வேண்டிய தேவை அவர்களுக்குக் குறைந்தது. எழுதிய தாளை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை.

எப்போது உதவி நாட வேண்டும்?

துயரம் இயல்பானது. எனினும் அது மனச்சோர்வு நோயாக மாறும் நிலையும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டிருத்தல். முன்பு விரும்பியவற்றில் சற்றும் நாட்டமின்மை. தாம் எதற்கும் பயனற்றவர் என்னும் எண்ணம். சிகிச்சையை மறுத்தல் ஆகியவை தென்பட்டால் மருத்துவரிடம் கூறுங்கள். மனச்சோர்விற்குச் சிகிச்சை உண்டு. நோயாளி இறப்பை விரும்புவதாகக் கூறினால் அதட்டாதீர்கள், பேச்சை மாற்றாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளதா என்று நேரடியாகக் கேளுங்கள். அவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. அவரைத் தனியே விடாமல் உடனே உதவியை நாடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இலவசமாகச் செயல்படுகிறது, தமிழிலேயே பேசலாம். 104 என்னும் அரசு மருத்துவ உதவி எண்ணையும் அழைக்கலாம்.

பயிற்சி

இவ்வாரம் வீட்டில் ஒருமுறை கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்.

1. நோயாளியிடம் "இன்னைக்கு எப்படி இருக்கறீங்க?" என்று கேட்டபின், விடை முடியும்வரை குறுக்கே எதுவும் கூறாதீர்கள்.

2. "எதைப் பத்தியாவது எங்ககிட்டப் பேசணும்னு நினைச்சு, பேசாம விட்டது இருக்குதுங்களா?" என்று கேளுங்கள்.

3. நோயாளியாக இருப்பவர், ஒரு நாள் உணர்ந்த வலியின் அளவை 0 முதல் 10 வரையிலான எண்ணில் காலை, மாலை இருவேளையும் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

4. கவனிப்பவராக இருப்பவர், தமக்கு இவ்வாரம் தேவைப்படும் ஓர் உதவியை ஓர் உறவினரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

முதல் நாள் விடை கிடைக்காமற்போகலாம். பல மாதங்கள் சிரித்துப் பழகிய முகம் ஒரு கேள்வியில் மாறிவிடாது. மறுநாளும் கேளுங்கள். கேட்பதற்கு ஆள் உண்டு என்று அவர் அறிந்துகொண்டால் பேச வேண்டிய நேரத்தில் பேசுவார்.